யானை துரத்தினால் இறக்கத்தில் ஓடலாமா?

“யானையால் இறக்கத்தில் ஓட முடியாது. துரத்தினால் சரிவில் இறங்கி ஓடுங்கள், தப்பிவிடலாம்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி ஒவ்வொரு சுற்றுலா சீசனிலும் வலம் வருகிறது. இது தவறு. நம்பினால் உயிருக்கே ஆபத்து.

வால்பாறை தேயிலைச் சரிவுகளில் யானைக் கூட்டங்கள் ஏறி இறங்குவது அன்றாடக் காட்சி. செங்குத்தான இடத்தில் பின்னங்கால்களை மடக்கிச் சறுக்கியும் இறங்கும். வேகமும் குறைவில்லை. தாய்லாந்தில் ஆசிய யானைகளை அளந்து 2003இல் வெளியான ஆய்வில் மணிக்குச் சுமார் 25 கி.மீ. பதிவானது. கல்லும் வேரும் புதரும் நிறைந்த சரிவில் அந்த வேகத்தில் நம்மால் ஓட முடியாது. தடுக்கி விழுவது நாம்தான்.

சரி, என்ன செய்வது? துரத்தும் நிலையே வராமல் பார்ப்பதுதான் வழி. முதுமலைச் சாலையில் யானை தெரிந்தால் தூரத்திலேயே வண்டியை நிறுத்துங்கள். ஹாரன் வேண்டாம், செல்ஃபிக்காக இறங்கவே வேண்டாம். குட்டி இருந்தால் இன்னும் விலகுங்கள். காதை விரித்து உங்களை நோக்கி வந்தால் மெதுவாகப் பின்னே எடுங்கள். நடைபயணம் என்றால் வனத்துறை அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் இல்லாமல் போகாதீர்கள்.