எல்லை தாண்டிய பால்வண்டி

(1918 டிசம்பர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கிராட்டன் என்ற சிற்றூர். பழைய கல்லறைத் தோட்டத்து வாசலில் காவல்காரப் பெரியவர் பனியைத் தள்ளிக்கொண்டிருக்கிறார். பக்கத்து ஊரான அயரிலிருந்து வரும் பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டு, கையில் பேப்பருடன் இறங்குகிறார். நிற்பதில் குதிரைக்கு விருப்பமில்லை.)

பால்காரர்: பெரியவரே, சேதி தெரியுமா? உங்கள் ஊர் டாக்டர் போய்விட்டார். 5ஆம் தேதி, பாஸ்டனில். 88 வயதாம்.

பெரியவர்: சாமுவேல் அபட் கிரீனா? அடடா... (தொப்பியைக் கழற்றுகிறார். குளிர் தாங்காமல் உடனே மாட்டிக்கொள்கிறார்.) நல்ல மனுஷன்.

பால்காரர்: பாஸ்டனுக்கு மேயராகக்கூட இருந்தாராமே? நீங்கள் ஒரு நாளும் சொன்னதில்லையே.

பெரியவர்: அதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது? 1882, ஒரே ஒரு வருஷம். அப்போது பாஸ்டனில் வருஷா வருஷம் மேயர் தேர்தல். நாற்காலி சூடாவதற்குள் எழுந்திருக்க வேண்டும். அடுத்த வருஷம் ஆல்பர்ட் பாமர் வந்து உட்கார்ந்துவிட்டார்.

பால்காரர்: பாவம், மனசு ஒடிந்து போயிருப்பார்.

பெரியவர்: ஒடிந்தவர் அதே 1883இல் இரண்டு புத்தகம் போடுவாரா? இரண்டுமே கிராட்டனைப் பற்றி. பூர்வகுடிகளோடு நடந்த சண்டைகளில் ஊர் பட்ட பாடு ஒன்றில். 1676இல் ஊரையே கொளுத்தினார்களே, அதெல்லாம் வரும். இன்னொன்று சூனியக் காலத்து கிராட்டன்.

பால்காரர்: சூனியமா? இங்கேயா? அது 1692இல் சூனியக்காரர்கள் என்று ஆட்களைத் தூக்கில் போட்ட, நம் மாசசூசெட்ஸ் சேலம் ஊர்க் கதை இல்லையா?

பெரியவர்: சேலத்துக்கு இருபது வருஷம் முன்னாடியே எங்களுக்கு வந்துவிட்டது, தம்பி. 1671. பாதிரியார் சாமுவேல் வில்லார்ட் வீட்டு வேலைக்காரப் பெண் எலிசபெத் நாப், பதினாறு வயது. திடீரென்று உடம்பு முறுக்கிக்கொள்கிறது. தொண்டையிலிருந்து ஆம்பளைக் குரலில் சாத்தான் பேசுகிறான். அதுவும் பாதிரியாரைப் பார்த்தே போக்கிரி என்கிறான்.

பால்காரர்: வேலைக்காரிக்குச் சம்பளப் பாக்கி இருந்திருக்கும்.

பெரியவர்: (முறைத்து) வில்லார்ட் பயந்து ஓடவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து, நாள் நாளாக என்ன நடந்தது என்று எழுதி வைத்தார். அந்தப் பெண் பக்கத்து வீட்டுக்காரியைக் கைகாட்டியபோதும் நம்பிவிடவில்லை. ஒருத்தரையும் தூக்கில் போடவில்லை. அப்புறம் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகி, பிள்ளை குட்டியோடு இருந்தாள். அந்த எழுத்தைத்தான் டாக்டர் மறுபடி அச்சில் கொண்டுவந்தார்.

பால்காரர்: சரி, வைத்தியம் பார்க்கிறவருக்கு இதெல்லாம் எதற்கு?

பெரியவர்: வைத்தியமும் பார்த்தாரே. 1854இல் ஹார்வர்டில் டாக்டர் பட்டம். பாஸ்டனில் ஏழைகளுக்கு மருந்து கொடுக்கும் தரும மருந்தகத்துக்கு ஏழு வருஷம் தலைவர். நகர வைத்தியராகவும் இருந்தார். ஆனால் மனசு முழுக்க இங்கேதான். (தோட்டத்தைக் காட்டுகிறார்.) அதோ, அந்த ஸ்லேட் கற்களில் என்ன இருக்கிறது?

பால்காரர்: மண்டை ஓடு. அதற்கு இறக்கை வேறு முளைத்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் என் குதிரை அதைப் பார்த்துத்தான் மிரளுகிறது.

பெரியவர்: அந்த ஓட்டுக்குக் கீழே பாசி பிடித்த எழுத்து இருக்கிறதே, அதைக் கல் கல்லாகப் படித்துப் புத்தகமாகப் போட்டார். 1878இல் வந்தது.

பால்காரர்: டாக்டர் கல்லறைக்கு வந்து பெயர் எழுதினாரா! கணக்குச் சரிபார்த்திருப்பார்.

பெரியவர்: வாயைக் கழுவு. இங்கே கிடப்பவர்களில் எத்தனையோ பேர் அவர் பிறப்பதற்கு முன்னாலேயே போனவர்கள். அந்தப் பழி அவர்மேல் வராது. உள்நாட்டுப் போரில் ராணுவ வைத்தியராகப் போனபோதுகூட, வட கரோலினாவின் ரோனோக் தீவில் செத்த சிப்பாய்களுக்கு ஒழுங்காக ஒரு கல்லறைத் தோட்டம் அமைத்தவர் அவர்தான். 1862இல். கண்ட இடத்தில் குழி தோண்டிப் புதைக்கும் காலம் அது. என்னைக் கேட்டால், அவர் எங்கள் தொழில்காரர். கூடவே வைத்தியமும் தெரியும்.

பால்காரர்: இவ்வளவு பெரிய மனுஷன் பெயரில் ஒரு ஊர்கூட இல்லையே. எங்களைப் பாருங்கள், ஊருக்கே வைத்தியர் பெயர். அயர்!

பெரியவர்: (மண்வாரியைக் கீழே போட்டு) அதைப் பேசாதே! 1871 வரைக்கும் அது எங்கள் ஊர். கிராட்டன் ஜங்ஷன். ரயில் வந்த திமிரில் பிய்த்துக்கொண்டு போனீர்கள். போனதுதான் போனீர்கள், பெயர் வைக்க வேறு ஆள் கிடைக்கவில்லையா? இருமல் சிரப் வியாபாரி!

பால்காரர்: டவுன்ஹால் கட்டப் பணம் கொடுத்தாரே. சிரப்பும் லேசுப்பட்டதில்லை. எங்கள் பாட்டிக்கு இருமல் வந்தால் ஒரே ஒரு கரண்டிதான். விடிய விடியத் தூங்குவார்.

பெரியவர்: அபின் சரக்கைப் போட்டால் உன் குதிரையும் தூங்கும்.

பால்காரர்: (வண்டியைத் திரும்பிப் பார்த்து) கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கலாம். ஏய், நில்! ஆனாலும் பெரியவரே, அயர் போட்ட பஞ்சாங்கம் லட்சக்கணக்கில் வீடு வீடாகப் போனது. உங்கள் டாக்டர் புத்தகத்தை யார் படித்தது?

பெரியவர்: ஏன், மலையேறும் சங்கத்தார் படித்தார்களே.

பால்காரர்: யார்?

பெரியவர்: பாஸ்டனில் அப்பலாச்சியன் மலைச் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. 1886 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை கிராட்டனைச் சுற்றிப் பார்க்க வருவதாகத் திட்டம். அந்த ஒரு நாளுக்காக டாக்டர் 'கிராட்டனின் புவியியல்' என்று தனியாக ஒன்று எழுதி அச்சடித்துவிட்டார். ஓடை, குட்டை, மேடு, பள்ளம் எல்லாம் பெயரோடு.

பால்காரர்: ஒரு நாள் பார்க்க வருபவர்களுக்குப் புத்தகமா? எங்கள் வீட்டுக்கு மச்சான் வந்தால் காபியோடு சரி.

பெரியவர்: அதனால்தான் உன் குட்டைக்குப் பெயர் இல்லை.

பால்காரர்: (பேப்பரைப் பார்த்து) மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்தில் வேலை பார்த்தாராமே?

பெரியவர்: அப்படிக் கேள். அங்கே நூலகர். 1868இல் உட்கார்ந்தவர். இப்போது என்ன வருஷம்?

பால்காரர்: 1918. ஐம்பது வருஷமா! மேயர் நாற்காலியில் ஒன்று, இதில் ஐம்பது. கல்யாணம்?

பெரியவர்: பண்ணிக்கொள்ளவில்லை.

பால்காரர்: அதானே பார்த்தேன். பழைய காகிதத்தை வீட்டுக்குள் கொண்டுவர எந்தப் பெண்டாட்டி விடுவாள்? நான் போன மாசப் பால்கணக்கை வைத்திருந்தேன், அடுப்பில் போட்டுவிட்டாள்.

பெரியவர்: போச்சு! இன்னும் இருநூறு வருஷம் கழித்து ஒருத்தன் வந்து, 1918இல் கிராட்டனில் யார் யார் எத்தனை படி பால் வாங்கினார்கள் என்று தேடினால்?

பால்காரர்: நீங்கள் மூன்று மாச பாக்கி என்பதும் சேர்ந்து தெரிந்துவிடும்.

பெரியவர்: (அவசரமாக) பெண்டாட்டி செய்தது சரிதான்.

(வண்டிச் சத்தம். இருவரும் திரும்புகிறார்கள். குதிரை பால்கேன்களோடு தன்பாட்டுக்குத் தெற்கே நடந்துகொண்டிருக்கிறது.)

பால்காரர்: ஐயோ, வீட்டுக்குக் கிளம்பிவிட்டது! இன்னும் ஏழு வீட்டுக்குப் பால் ஊற்ற வேண்டும்! ஏய், நில்லு! பெரியவரே, வாருங்கள், ஒரு கை பிடியுங்கள்!

பெரியவர்: இரு, அவசரப்படாதே. (காவல் அறைக்குள் போய், மூலை மடிந்த புத்தகத்தோடு வருகிறார்.) 'பழைய கிராட்டனின் எல்லைக்கோடுகள்', 1885, டாக்டர் எழுதியது.

பால்காரர்: குதிரை ஓடுகிறது, இப்போது புத்தகம் எதற்கு?

பெரியவர்: (பக்கத்தைப் புரட்டியபடி) எல்லைக்கு இந்தப் பக்கம் நின்றால் வந்து பிடிக்கிறேன். அந்தப் பக்கம் போய்விட்டால் அது அயர்க்காரர்கள் பாடு.