கடைசிக் கிராமத்தின் முதல் போர்டு

(உத்தராகண்டில் பத்ரிநாத்துக்கு 3 கிலோமீட்டர் தாண்டி, மானா கிராமம். கும்பகோணத்து யாத்திரைக் குழுவோடு வந்த சரஸ்வதியும் அவர் நாத்தனார் மல்லிகாவும். "ஒன்றரை மணி நேரத்தில் திரும்பிவிட வேண்டும்" என்று சொன்ன கைடு வேனுக்குள்ளேயே தூங்கிவிட்டார்.)

மல்லிகா: அண்ணி, அந்த போர்டு பக்கத்தில் நில்லுங்கள், ஒரு போட்டோ. 'இந்தியாவின் முதல் கிராமம்' என்று பளிச்சென்று தெரிகிறது.

சரஸ்வதி: எதிர்வீட்டு மாமி வந்தபோது இது கடைசிக் கிராமமாகத்தானே இருந்தது?

மல்லிகா: அது பழைய கதை. 2022 அக்டோபரில் பிரதமர் இங்கே வந்தார். எல்லையில் இருக்கிற ஊரெல்லாம் இனிமேல் முதல் கிராமம் என்று சொல்லிவிட்டார். அடுத்த வருஷமே புது போர்டு வந்துவிட்டது.

சரஸ்வதி: நம் தெருவில் கடைசி வீடு எங்களுடையது. குழாய்த் தண்ணீர் எல்லா வீட்டிலும் நிரம்பி வழிந்த பிறகுதான் எங்களுக்குச் சொட்டுகிறது. வாசலில் 'முதல் வீடு' என்று எழுதிவைத்தால் முன்னாடியே வருமா, கேட்டுச் சொல்லேன்.

மல்லிகா: ஐயோ அண்ணி, மேலே ஏறுங்கள். வியாசர் குகை, பிள்ளையார் குகை, பீமன் பாலம் எல்லாம் பார்க்க வேண்டும்.

சரஸ்வதி: பத்தாயிரம் அடிக்கு மேலே நிற்கிறோம், மூச்சு எனக்கு முன்னால் ஓடுகிறது. அதோ, முதுகில் கூடை கட்டி ஆளைத் தூக்கிக்கொண்டு போகிறான் பார், அவனைக் கேள்.

மல்லிகா: கூடையிலா? திருமங்கையாழ்வார் அன்றைக்கே சொல்லியிருக்கிறார், முதுகு வளைந்து கோலூன்றுகிற வயசு வருவதற்கு முன்னாலேயே வதரிக்கு, அதாவது இந்த பத்ரிக்குப் போய்விடுங்கள் என்று. நீங்கள்தான் பேரன் காது குத்து, பேத்தி பரீட்சை என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தீர்கள்.

சரஸ்வதி: அதே பதிகத்தில் ஈளை, இருமல் எல்லாம் வருகிறதே, நேற்று ராத்திரி உங்கண்ணன் இருமியதைத்தான் பாடியிருக்கிறார். சரி, கையைப் பிடி, கூடை வேண்டாம்.

(கல் வீடுகளின் திண்ணைகளில் பெண்கள் கம்பளித் தொப்பி பின்னியபடி இருக்கிறார்கள். ஊசி ஒரு பக்கம் ஓட, கண் மட்டும் வருகிறவர்கள் மேல். மல்லிகா ஒரு தொப்பியை எடுத்து விலை கேட்கிறாள், பாதி விலைக்குக் கேட்கிறாள், போவதுபோல நடக்கிறாள், யாரும் கூப்பிடாததால் தானே திரும்பி வருகிறாள்.)

சரஸ்வதி: கும்பகோணம் பாத்திரக்கடை என்று நினைத்தாயா? மானா கணவாய் வழியாகத் திபெத்துக்குப் போய் உப்பும் கம்பளியுமாகப் பேரம் பேசிய 'போட்டியா' என்கிற மலை ஜனங்களின் பரம்பரை இது. 1962-ல் சண்டை வந்து வழி அடைபட்டதால்தான் உன்னைப்போல ஆட்களிடம் விற்கும்படி ஆகிவிட்டது. கேட்ட காசைக் கொடு. நவம்பரில் கோயில் நடை சாத்தினால் ஊரே வீட்டைப் பூட்டிக்கொண்டு கீழே இறங்கிவிடும், பனிக்கா தொப்பி விற்பார்கள்?

மல்லிகா: கொடுத்துவிட்டேன். அண்ணி, இந்த நாய் நம் பின்னாலேயே வருகிறது, பார்த்தீர்களா? தருமர் சொர்க்கம் போனபோது கூடவே வந்த நாய் இந்த வழியாகத்தானாம்! பிஸ்கட் போடட்டுமா?

சரஸ்வதி: போடு, ஆனால் முன்னால் போன பஸ்ஸும் போட்டிருக்கும். இந்த ஊர் நாயைச் சொர்க்கத்துக்கே கூப்பிட்டாலும் வராது.

(வியாசர் குகை.)

மல்லிகா: இந்தப் பாறையைப் பாருங்கள், அடுக்கடுக்காக ஏட்டுச் சுவடி மாதிரியே இருக்கிறது. வியாசர் இங்கே உட்கார்ந்து சொல்ல, பிள்ளையார் கீழே அந்தக் குகையில் உட்கார்ந்து எழுதினாராம்.

சரஸ்வதி: இங்கே சொன்னது அங்கே எப்படிக் கேட்டதாம்? நான் அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் கூடத்தில் இருக்கிற உங்கண்ணனுக்குக் கேட்பதில்லை.

மல்லிகா: அங்கேதான் தகராறு. பக்கத்திலேயே சரஸ்வதி ஆறு இரைச்சலோடு ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடு என்று சொல்லியும் கேட்கவில்லை. சபித்துவிட்டார்கள். வியாசர் சபித்தார் என்று ஒருத்தர் சொல்கிறார், பிள்ளையார் என்று இன்னொருத்தர். அதனால்தான் கொஞ்ச தூரம் ஓடி அலக்நந்தாவில் கலந்து காணாமல் போய்விட்டது.

சரஸ்வதி: என்ன அநியாயம் இது! ஆறு என்றால் சத்தம் போடாதா? எழுத வந்தவர்கள் நாலு குகை தள்ளிப் போயிருக்கலாமே. வாக்குக்கே தேவதை என்று கும்பிடுகிறார்கள், அவள் வாயைத் திறந்தால் மட்டும் ஆகாது. அவள் பெயரை எனக்கு வைத்தார்களே, வேறென்ன நடக்கும்?

மல்லிகா: உங்களை யார் சபித்தார்கள்? சபித்தாலும் உங்கள் சத்தத்தில் காதில் விழாது.

(பீமன் பாலம். இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே ஒரு பெரிய கல் குறுக்கே கிடக்க, கீழே நுரை தள்ளிக்கொண்டு சரஸ்வதி. சாரல் முகத்தில் அடிக்கிறது.)

சரஸ்வதி: அடேயப்பா! சபித்த பிறகே இப்படிக் கத்துகிறாள் என்றால் அதற்கு முன்னால் எப்படி இருந்திருப்பாள்! பலே!

மல்லிகா: திரௌபதியால் இதைத் தாண்ட முடியவில்லை என்று பீமன் தூக்கிப் போட்ட கல். பாசம் என்றால் அது.

சரஸ்வதி: பாலம் போட்டான், சரி. அப்புறம் மலையேறும்போது முதலில் விழுந்தது யார்? அவள்தான். ஏன் விழுந்தாள் என்று பீமன் கேட்க, அர்ச்சுனன் மேல் அவளுக்குப் பிரியம் கூடுதல் என்று தருமர் திரும்பிக்கூடப் பார்க்காமல் பதில் சொல்லிவிட்டு நடக்கிறார். ஐந்து பேரோடு காடு மேடெல்லாம் அலைந்தவளுக்கு இந்த நியாயம். அந்தக் கணக்கில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான், பீமன் விழுந்ததற்கு அளவில்லாமல் சாப்பிட்டதும் ஒரு காரணமாம். உங்கண்ணன் எங்கே?

மல்லிகா: கீழே பராத்தா சாப்பிடுகிறார். மூன்றாவது.

சரஸ்வதி: அவரை ஏறவே சொல்லாதே.

(டீக்கடை. ஒரு போர்டில் 'இந்தியாவின் கடைசி டீக்கடை'. பக்கத்துக் கடையில் 'முதல் டீக்கடை'. இரண்டின் முன்னாலும் செல்ஃபிக் கூட்டம்.)

சரஸ்வதி: எதில் குடிப்பது?

மல்லிகா: கடைசியில் குடித்துவிட்டு முதலுக்கு வருவோம், எல்லாருக்கும் மரியாதை. அண்ணி, இன்னும் 5 கிலோமீட்டர் நடந்தால் வசுதாரா அருவி. 400 அடி உயரமாம். பாவம் செய்தவர்கள் மேல் அதன் தண்ணீர் படாதாம்! நாளைக்குக் காலையில் குழுவே போகிறது.

சரஸ்வதி: எல்லாரும் பார்க்கிற மாதிரியா? நாற்பது பேருக்கு நடுவில் ஒருத்தர் மட்டும் நனையாமல் நின்றால், கும்பகோணம் போய்ச் சேருவதற்குள் ஊருக்கே வாட்ஸப்பில் போய்விடுமே.

மல்லிகா: அப்படியானால் வரமாட்டீர்களா?

சரஸ்வதி: ஏன் வராமல்? குடை பிடித்துக்கொண்டு வருவேன். நனையாவிட்டால் குடை இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். நீயும் ஒன்று வாங்கிக்கொள்.

மல்லிகா: அண்ணனுக்கு?

சரஸ்வதி: அவருக்கும்தான். இருப்பதிலேயே பெரியதாகப் பார்.