டாக்கரை அதற்குள் மூட்டை கட்ட வேண்டாம்
"வெப்அசெம்பிளி உலாவியை விட்டு வெளியே வந்துவிட்டது, இனி டாக்கர் எதற்கு?" என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. வெப்அசெம்பிளி (சுருக்கமாக வாஸ்ம்) என்பது முதலில் உலாவிக்காக வந்த, வெவ்வேறு வகைக் கணினிகளிலும் ஓடும் நிரல் வடிவம்; டாக்கர், நிரலை அதற்குத் தேவையானவற்றோடு சேர்த்துக் கட்டி ஓட்டும் கருவி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிங்கப்பூரின் துவாஸில் உள்ள குளிர்கிடங்கு ஒன்றுக்கு வெப்பநிலை கணக்கிடும், ரஸ்ட் மொழியில் எழுதிய நிரலை ஒரே வாஸ்ம் கோப்பாக்கினேன். என் இன்டெல் மடிக்கணினியில் ஓடியதே அங்கிருந்த, வேறு வகைச் சில்லு கொண்ட ஆர்ம் பெட்டியிலும் வாஸ்ம்டைமில் (வாஸ்ம் கோப்பை ஓட்டும் மென்பொருள்) அப்படியே ஓடியது. ஆனால் பதிவுக் கோப்பைத் திறக்க மறுத்தது. எந்த அடைவைத் தொடலாம் என்று கட்டளையிலேயே சொல்ல வேண்டுமாம், பாஸ் இல்லாமல் உள்ளே விடாத கிடங்குக் காவலாளி மாதிரி. (இந்தக் கறார் எனக்குப் பிடித்ததுதான்.) மாட்டிக்கொண்டது வலையிணைப்பில். வாஸ்ம் நிரல் கோப்பு, வலை போன்றவற்றை அணுக உதவும் இடைமுகமான வாஸியின் பழைய வடிவத்தில் நிரல் தானாக வெளியே சாக்கெட் (வலையிணைப்பு முனை) திறக்க வழியில்லை. 2024 ஜனவரியில் வந்த 0.2 பதிப்பில்தான் அது சேர்ந்தது. இப்போது என்னிடம் கணக்குப் போடும் துண்டு வாஸ்மில், போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் இன்னமும் டாக்கரில். கட்டுரைக்குப் பின்னூட்டமிட்ட ஒருவர், ஒரே கோப்பு எங்கும் ஓடும் என்ற இதை 'பழைய ஜாவா கதை' என்கிறார். ஜாவா நிரல் என்னிடம் எந்த அடைவுக்கும் அனுமதி கேட்டதில்லையே!