அந்நியபாஷை பேசினால்தான் இரட்சிப்பா?

அண்ணே, "அந்நியபாஷை பேசாதவனுக்கு ஆவியும் இல்லை, இரட்சிப்பும் இல்லை, ஆதித் திருச்சபை முதல் இதுதான் போதனை" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்நியபாஷை என்றால் ஆவியானவரின் ஏவுதலால், தான் கற்காத மொழியில் பேசுவது. நீங்கள் எழுதியது தவறு. 1 கொரிந்தியர் 12:30-ல் பவுலே "எல்லாரும் அந்நியபாஷைகளைப் பேசுகிறார்களா?" என்று கேட்கிறார், கிரேக்க மூலத்தில் அந்தக் கேள்வியே 'இல்லை' என்ற பதிலை எதிர்பார்த்துத்தான் அமைந்திருக்கிறது. அதே அதிகாரம் 3-ம் வசனத்தைப் பாருங்கள், இயேசுவைக் கர்த்தர் என்று சொல்வதே ஆவியானவரால்தான்.

கத்தோலிக்கர் ஞானஸ்நானத்திலேயே ஆவியானவர் அருளப்படுகிறார் என்கிறார்கள், பாப்டிஸ்டுகள் விசுவாசிக்கும்போதே என்கிறார்கள். பாஷையை அடையாளமாகக் கேட்கும் போதனை 1901-ல் அமெரிக்காவின் டொபீகாவில் சார்லஸ் பார்ஹாமின் வேதாகமப் பள்ளியில் உருவாகி, 1906-ல் லாஸ் ஏஞ்சல்ஸின் அசூசா தெருவில் நடந்த எழுப்புதல் கூட்டங்களுக்குப் பிறகு உலகமெங்கும் பரவியது. அதுவும் ஆவியின் அபிஷேகத்துக்கு, அதாவது ஏற்கெனவே இரட்சிக்கப்பட்டவர்மேல் ஆவியானவர் வல்லமையோடு இறங்குவதற்கு, அடையாளம் என்றுதான். பெரிய பெந்தெகொஸ்தே சபையான அசெம்பிளீஸ் ஆஃப் காட்கூட இரட்சிப்புக்கு அதை நிபந்தனையாக வைப்பதில்லை. இரட்சிப்போடு சேர்த்துக் கட்டுவது, இயேசுவின் நாமத்தில் மட்டும் ஞானஸ்நானம் கொடுக்கும் ஒன்னஸ் பெந்தெகொஸ்தே சபைகளில் சில. எல்லாப் பெந்தெகொஸ்தேக்காரர்கள் மேலும் அதைப் போடாதீர்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இங்கே யாங்கோனில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் என் சித்தி தலையில் கை வைத்து "அல்லேலூயாவை வேகமாகச் சொல்லு, இன்னும் வேகமாக" என்று அரை மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். பாஷை வரவில்லை. அன்றிரவு ஜெபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டு, "அப்போ இத்தனை வருஷம் நான் ஜெபித்ததெல்லாம் அவர் காதில் விழவே இல்லையாடா?" என்று கேட்டார். நாற்பது வருஷமாகக் காலைப் பூசை தவறாதவர்.