சமூக ஊடக முதுகலை: ரீல்ஸ் எடுக்கப் பழகவா இரண்டு ஆண்டுகள்?

செக்கானூரணிப் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருவர், இளங்கலையில் காட்சித் தொடர்பியல் முடித்தவர், டிஜிட்டல் தொடர்பியலும் சமூக ஊடகமும் முதுகலையாகப் படிக்கலாமா என்று சென்ற வாரம் என்னிடம் கேட்டார். தாராளமாகச் சேரச் சொன்னேன். சேருமுன் பாடத்திட்டத்தை வாங்கி, ஆய்வுமுறைக்கும் ஆய்வேட்டுக்கும் எத்தனை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பார்க்கும்படியும் சொன்னேன். அதற்கான காரணத்தை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

காணொளி தொகுப்பதையும் பணம் கட்டி விளம்பரம் செய்வதையும் மூன்று மாதப் பயிற்சியில் கற்றுக்கொள்ள முடியும். அவை நிலைப்பதும் இல்லை. 2020 ஜூன் இறுதியில் டிக்டாக் தடை செய்யப்பட்டபோது, அதை மட்டும் நம்பித் தொழில் பழகியவர்கள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. ஒரு செய்தி எங்கே பிறக்கிறது, யார் கைமாற்றுகிறார்கள், எந்த இடத்தில் அது நம்பிக்கையாக மாறுகிறது என்று ஆராயும் பயிற்சிக்குத்தான் இரண்டு ஆண்டுகள் தேவைப்படுகின்றன.

மதுரைக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுத் தடையை எதிர்த்து அலங்காநல்லூரிலும் தமுக்கத்திலும் திரண்ட கூட்டத்தை நாம் நேரில் பார்த்தோம். செல்லூர் அருகே வைகைப் பாலத்தின்மேல் ரயில் மறிக்கப்பட்டு நின்றதையும் பார்த்தோம். முகநூலும் வாட்ஸ்அப்பும் கூட்டம் சேர்த்தன என்று எல்லோரும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஊர்ப் பெரியவர்களின் அழைப்பும் வாடிவாசலோடு ஊர்களுக்கு உள்ள உறவும் கைப்பேசிச் செய்தியோடு எப்படிச் சேர்ந்தன என்பதை வீடு வீடாகக் கேட்டு எழுதியிருக்க வேண்டியவர்கள் நம் முதுகலை மாணவர்கள். அடுத்த ஆண்டு இதே வாட்ஸ்அப்பில் குழந்தை கடத்தல் வதந்தி பரவி, தமிழகத்திலும் உயிர் போனது. அதன் பிறகுதான், 2018 ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி அந்நிறுவனம் வரம்பு வைத்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரிக்கு வாய்மொழித் தேர்வு நடத்தப் போயிருந்தேன். ஐந்து ஆய்வேடுகளில் நான்கு, கூகுள் படிவத்தை நண்பர்களுக்கு அனுப்பி, வந்த விடைகளை வட்ட வரைபடமாக்கியவை. மாணவர்கள் கெட்டிக்காரர்கள்; களத்துக்குப் போகச் சொல்ல ஆளில்லை. அன்று எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் தீரவில்லை.

இனிக் களத்தைத் தவிர்க்கவும் முடியாது. ட்விட்டர் நிறுவனம் ஆய்வாளர்களுக்கு இலவசமாகத் திறந்துவைத்திருந்த தரவு வாசலை 2023இல் அடைத்தது. முகநூல் பதிவுகளின் பரவலைக் கணிக்க உதவிய கிரௌட்டேங்கிளை மெட்டா 2024 ஆகஸ்டில் மூடியது. கிடைக்கும் தரவிலும் நமக்கென்று ஒரு சிக்கல் உண்டு. நம் மக்கள் பின்னூட்டங்களை ஆங்கில எழுத்துகளில் தமிழாக எழுதுகிறார்கள். ழகரத்துக்கு ஒருவர் இரண்டு எழுத்து போடுகிறார், இன்னொருவர் ஒன்றோடு நிறுத்துகிறார். ஒரே சொல் ஐந்து வடிவங்களில் வந்து நிற்கிறது. ‘நல்லா இருக்கு’ என்பது பாராட்டா கேலியா என்பதை, ஆங்கிலத்துக்காகச் செய்யப்பட்ட மென்பொருளைவிட உசிலம்பட்டியில் வளர்ந்த மாணவர் சரியாகச் சொல்வார். அந்தக் காதை ஆய்வுக் கருவியாகத் தீட்டித் தருவது ஆசிரியரின் வேலை.

சட்டமும் பாடத்தில் இருக்க வேண்டும். இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் ஏன் நீக்கியது, 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்ன சொல்கிறது என்பவை தெரியாமல் ஒருவர் இத்துறையில் பட்டம் பெறக் கூடாது.

அந்த மாணவியின் வீட்டில் மல்லித் தோட்டம் இருக்கிறது. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டின் அன்றைய விலை விடிவதற்குள் அவருடைய அப்பாவின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடுமாம். அதைப் பார்த்த பிறகும் அப்பா கமிஷன் கடைக்காரருக்குப் போன் போட்டு, அவர் வாயால் விலையைக் கேட்ட பிறகுதான் பூவைக் கட்டி அனுப்புவாராம். ஏன் அப்படி என்று அப்பாவிடம் இதுவரை கேட்டதில்லை என்றார். உன் ஆய்வேட்டை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கு என்று சொல்லி அனுப்பினேன்.