நான் எப்போது சைக்கிள் ஏறுவேன் என்பதை நான்தான் சொல்வேன்

ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் கப்பன் பார்க்கில் நம் சைக்கிள் குழு, விபத்தில் அடிபட்ட என்னை எல்லோர் முன்னாலும் மறுபடி சைக்கிளில் ஏறச் சொன்னது. அதைப் பற்றி எழுதவே கூடாது என்று நான்கு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். வீடியோவை நீங்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். "அக்கா, பார்த்ததும் கண்ணீர் வந்துருச்சு" என்று எனக்கே அனுப்பியவர்கள் பத்துப் பதினைந்து பேர். எனக்கும் கண்ணீர் வந்தது. நீங்கள் நினைக்கும் காரணத்துக்காக வரவில்லை.

சாமந்தி மாலை போட்ட சைக்கிள், மைக், கைதட்டல், ஹேண்டில்பாரைப் பிடித்தபடி நான், பிறகு என் அழுகை. வீடியோ அங்கே முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நடந்ததை நான் சொல்கிறேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறக்க வரவில்லை, கை அப்படி நடுங்கியது. ஒன்பதாவது படிக்கும் என் மகள்தான் திறந்து கொடுத்தாள். மைக்கில் இன்னமும் "பயத்தை உடைங்க அக்கா, பயம் மனசுலதான் இருக்கு" என்று ஓடிக்கொண்டிருந்தது.

என்னிடம் யாரும் முன்னாடியே ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சும்மா வாங்கக்கா, எல்லாரையும் பார்த்துட்டுப் போங்க" என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் ஞாயிற்றுக்கிழமை பார்க்குக்குள் வண்டிகள் விடமாட்டார்களே, நிம்மதியாக இருக்கும் என்று நம்பிப் போனேன்.

எலும்பு கூடுவது வேறு, ஆள் தேறுவது வேறு. எலும்பு கூடியதை எக்ஸ்ரே சொல்லும். நான் தேறியதை நான்தான் சொல்ல வேண்டும். மைக் பிடித்தவர் சொல்லக் கூடாது.

தெரியாதவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். போன வருஷம் ஆகஸ்ட்டில், ரிங் ரோட்டில், மாரத்தஹள்ளிக்குக் கொஞ்சம் முன்னால், காலை ஏழே கால் மணிக்கு ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தேன். நெரிசலில் நின்ற ஒரு வாடகைக் காரின் பின்பக்க இடது கதவு திறந்தது. டக் என்று ஒரு சத்தம். அடுத்து நினைவில் இருப்பது நடைபாதை ஓரக் கல்லும் அதில் ஒட்டியிருந்த பழைய சினிமா போஸ்டரின் கிழிசலும்தான். இடது காலைத் தூக்கப் பார்த்தேன். கால் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. வலது காலைவிடக் குட்டையாகத் தெரிந்தது. என் கால்தானா என்று ஒரு நொடி சந்தேகம் வந்தது.

தொடை எலும்பின் தலை இடுப்புக் குழிக்குள் உட்காரும் இடத்துக்குச் சற்றுக் கீழே கழுத்து மாதிரி ஒரு பகுதி இருக்கிறது. அங்கேதான் முறிவு. மூன்று ஸ்க்ரூ போட்டார்கள். அந்த இடத்தின் தொல்லை என்னவென்றால், எலும்பின் தலைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் அந்தக் கழுத்தை ஒட்டித்தான் போகின்றன. அடிபடும்போது அவை அறுந்திருந்தால், எலும்பு அழகாகக் கூடிய பிறகும் தலைப் பகுதி ரத்தமில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகலாம். அப்படி ஆனால் இடுப்பு மூட்டையே மாற்ற வேண்டிவரும். "ரெண்டு வருஷமாவது கண்காணிக்கணும்மா" என்றார் டாக்டர். இப்போது ஆகியிருப்பது பதிமூன்று மாதம். அடுத்த ஆகஸ்ட் வரை, இடுப்பில் சுருக்கென்று குத்தும் ஒவ்வொரு முறையும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பேன். இதைத்தான் "மனசுல இருக்கிற பயம்" என்று மைக்கில் சொன்னார்கள்.

"போன வருஷம் நம்ம தம்பி ஒருத்தர் ஆறே வாரத்துல ஏறிட்டாரே" என்று அங்கேயே ஒருவர் சொன்னார். அந்தத் தம்பிக்கு உடைந்தது காறை எலும்பு. அவர் சீக்கிரம் தேறியதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஆனால் தோள்பட்டையில் உடைந்ததையும் உடம்பு பாரம் முழுவதையும் தாங்கும் இடத்தில் உடைந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

பன்னிரண்டு வாரம் இடது கால் தரையில் படக் கூடாது என்றார்கள். வாக்கரில் நடக்கும்போது இரண்டு கையும் வாக்கருக்கே போய்விடும், ஒரு டம்ளர் காபியைக்கூட நம்மால் தூக்கிக்கொண்டு வர முடியாது. குடியாத்தத்தில் இருந்து வந்த அம்மா, கல்யாண வீட்டு மஞ்சப்பை ஒன்றை வாக்கரில் கட்டி, அதற்குள் ஒரு சின்ன ஃபிளாஸ்க்கை வைத்துவிட்டார். அடுக்களையில் இருந்து ஹாலுக்கு என் காபியை நானே எடுத்து வந்த அன்றைக்கு நானும் அம்மாவும் உட்கார்ந்து அழுதோம். என் வாழ்க்கையின் பெரிய வெற்றிகளில் ஒன்று அது. அதற்கு யாரும் மாலை போடவில்லை, நான் எதிர்பார்க்கவும் இல்லை.

சரி, இப்போது பின்னூட்டத்தில் வரப்போவதற்கெல்லாம் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

"நல்ல எண்ணத்துலதானே செஞ்சாங்க?" ஆமாம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நல்ல எண்ணம் இருப்பவர் முதலில் ஒரு கேள்வி கேட்பார். "அக்கா, சைக்கிள் பக்கத்துல நிக்க முடியுமா?" என்று ஒரே ஒரு கேள்வி. நான் முடியாது என்றிருப்பேன். விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். முந்நூறு பேர் முன்னால் மாலை போட்ட சைக்கிளை நிறுத்திவிட்டு ஏறு என்றால், ஏறினாலும் அது என் விருப்பம் இல்லை, ஏறாவிட்டால் நான் கோழை. இரண்டில் எது நடந்தாலும் உங்களுக்கு வீடியோ கிடைத்துவிடும். எனக்கு என்ன கிடைக்கும்?

"ஹெல்மெட் போட்டிருந்தீங்களா?" போட்டிருந்தேன். உள்ளே இருக்கும் வெள்ளை ஃபோம் காதுக்கு மேலே விரிசல் விட்ட அந்த ஹெல்மெட் இன்னும் அலமாரியில் இருக்கிறது. ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி போடக் கூடாது, தயவுசெய்து உங்களுடையதையும் பாருங்கள்.

"நீங்க ஏன் இடது பக்க இடுக்குல போனீங்க?" இதைக் கேட்டவர்களைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. வேறு எங்கே போக? 2020இல் இதே ரிங் ரோட்டில் சைக்கிளுக்கென்று தனிப் பாதை பிரித்துக் கம்பங்கள் நட்டார்கள். வண்டிகள் ஏறி இறங்கிப் பல இடங்களில் அந்தக் கம்பங்களே உடைந்தன. அப்புறம் மெட்ரோ வேலை வந்தது. மிச்சம் இருப்பது அந்த இடுக்குதான். கேள்வியைக் கதவைத் திறந்தவரிடம் கேட்காமல் அடிபட்டவளிடம் ஏன் கேட்கிறீர்கள்? நெதர்லாந்தில் கார் கதவைத் தூரத்துக் கையால் திறக்கப் பழக்குகிறார்கள். இடது பக்கக் கதவென்றால் வலது கையால். அப்படித் திறக்கும்போது உடம்பு தானாகவே திரும்பும், கண் பின்னால் வருபவரைப் பார்த்துவிடும். காசு செலவில்லாத வேலை. இன்றைக்கே உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

"கூட இருக்கிறவங்க தள்ளிவிட்டாத்தான் சில பேர் எழுந்திருப்பாங்க." இருக்கலாம். அவர்களிடமும் கேட்டுவிட்டுத் தள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மைக்கில் நெதர்லாந்து சைக்கிள் வீராங்கனை அன்னெமீக் ஃபான் ஃப்ளூட்டன் பெயரைச் சொன்னார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் இறக்கத்தில் விழுந்து முதுகெலும்பில் மூன்று இடத்தில் முறிவு, பிறகு டோக்கியோவில் தங்கம். எனக்கும் அவரை மிகவும் பிடிக்கும். ஆனால் அதே சைக்கிள் உலகத்தில் கிறிஸ் ஃப்ரூம் என்று ஒருவர் இருக்கிறார். உலகத்தின் பெரிய சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸை நான்கு முறை வென்றவர். 2019 ஜூனில் ஒரு பந்தயத்துக்கு முன்னால் பாதையைப் பார்க்கப் போனபோது விழுந்து தொடை எலும்பு, முழங்கை, விலா எல்லாம் உடைந்தன. திரும்பி வந்தார், வருஷக்கணக்கில் ஓட்டினார். டூரை மறுபடி ஒருமுறைகூட வெல்ல முடியவில்லை. அவருக்கு மனஉறுதி இல்லை என்று யாராவது சொல்வீர்களா? உலகத்தின் சிறந்த மருத்துவர்கள் கூடவே இருந்த ஒரு மனிதருக்கே அப்படி. நான் காலையில் குக்கர் வைத்துவிட்டு ஆபீசுக்குப் போகிறவள்.

ஜெயித்துத் திரும்பியவர்களின் கதையை மட்டும்தான் நாம் சொல்கிறோம். செய்தித்தாளும் செத்தவர்களைத்தான் எண்ணுகிறது. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அதே அறிக்கையில் காயம்பட்டவர்கள் 4,43,366 பேர். இவர்களெல்லாம் வீட்டுக்குப் போன பிறகு என்ன ஆனார்கள்? யார் வேலையை விட்டார்கள், யார் ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்திருக்கிறார்கள், யார் வீட்டில் மனைவி மட்டும் வாக்கரைக் கழுவிக்கொண்டிருக்கிறார்? அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாக இருந்து பார்த்தால்தான் தெரியும்.

எனக்கு வலிப்பது சைக்கிளில் ஏறச் சொன்னது மட்டும் இல்லை என்பது எழுத எழுதத்தான் புரிகிறது. முதல் இரண்டு வாரம் வீடு நிறைய ஆப்பிளும் ஹார்லிக்ஸும் இருந்தன. குழுவில் இருந்து தினமும் யாராவது வந்தார்கள். மூன்றாவது வாரம் போன். நான்காவது வாரம் வாட்ஸாப்பில் குட்மார்னிங். ஏழாவது வாரம்தான் எனக்கு மிகவும் மோசமான வாரம். வலி குறைந்திருந்தது, நாள் நகரவில்லை. கார்க் கதவு சாத்தும் சத்தம் தெருவில் கேட்டாலே உடம்பு தூக்கிப்போடும். கீழே ரோட்டில் சைக்கிள் பெல் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வேன். அந்த வாரத்தில் உங்களில் ஒருவர்கூட வரவில்லை. கூடவே நந்தி மலை ஏறியவர்கள், அறுபது கிலோமீட்டர் போய் அங்கே ஒரே தட்டில் இட்லி சாப்பிட்டவர்கள்.

வந்தவர் இரண்டாவது மாடிக் கன்னடக்கார ஆன்ட்டி. தினமும் ஐந்து மணிக்கு வருவார். நவம்பர் கடைசியில் அவரைக்காய் வந்ததும் ஒரு முறத்தில் போட்டு எடுத்துவந்து என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து உரிப்பார். கட்டில் முழுக்க அந்த வாசம். எனக்கும் உரிக்க ஒரு கைப்பிடி கொடுப்பார். "நோவு இதெயா?" என்று கேட்பார். நம் நோவுதான் அங்கேயும். இருக்கு என்றால் தலையாட்டிவிட்டு உரிப்பதைத் தொடர்வார். தைரியமாக இரு என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

பிறகு டிசம்பரில் நானே 14416க்குப் போன் செய்தேன். மனநலத்துக்கான அரசு எண், இலவசம், தமிழிலும் பேசலாம். வெட்கப்படாமல் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஒரு கவுன்சிலரிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் கொடுத்தது படிப்படியான வேலை. முதலில் பால்கனியில் பழைய பெட்ஷீட் மூடியிருந்த சைக்கிளுக்குப் பக்கத்தில் ஐந்து நிமிஷம் உட்காருவது. நின்ற காரின் கதவை நானே திறந்து நானே சாத்துவது, இருபது முறை. பெட்ஷீட்டை எடுப்பது. போன மாதம் செயினை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். வளைந்த பிரேக் லீவரைத் தொட்டேன். அடுத்த படி, தெருவில் தள்ளிக்கொண்டு நடப்பது. அல்சூர் ஏரி வரை என்று நானும் மகளும் பேசி வைத்திருந்தோம். ஒன்பது மாத உழைப்பு அது.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மூன்று மணிக்கு அந்த டக் சத்தம் கேட்டு எழுந்தேன். திங்கட்கிழமையும் அப்படியே. காலையில் பெட்ஷீட்டை எடுத்து மறுபடி சைக்கிள்மேல் போட்டுவிட்டேன். மகள் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இந்தப் பதிவை எழுதும்போது அவர் ஞாபகமாகவே இருக்கிறது. அடிபட்ட அன்றைக்கு என்னை ஆட்டோவில் தூக்கிப் போட்டு, "கண்ணை மூடாதம்மா, பேசிக்கிட்டே வா" என்று ஆஸ்பத்திரி வரை கொண்டுபோன தமிழ் அண்ணன், போலீஸ் கேஸ் என்றதும் பேர் சொல்லாமல் போய்விட்டார். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 134ஏ பிரிவும் அதன்கீழ் வந்த விதிகளும், உதவி செய்பவரைப் பேர் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது, நல்லெண்ணத்தோடு உதவியதற்காக அவர்மேல் வழக்கும் வராது என்கின்றன. அது தெரிந்திருந்தால் ஒரு நிமிஷமாவது நின்றிருப்பார், நானும் அவர் கையைப் பிடித்திருப்பேன். எனக்கு மாலை போட வேண்டும் என்றால் அவரைத் தேடிப் பிடித்து அவருக்குப் போடுங்கள்.

வீடியோவைப் போட்ட தம்பிக்கு, உன் பேரை நான் இங்கே எழுதவில்லை. செவ்வாய்க்கிழமை உனக்குத் தனியாக மெசேஜ் போட்டேன். இரண்டு நீல டிக் வந்தது. அந்த வீடியோவில் நான் வரும் பகுதியை எடுத்துவிடு. நேற்று ராத்திரி பதினொரு மணிக்குப் பார்த்தபோதும் அது அங்கேயேதான் இருந்தது.