திருட்டு நாடாக்களுக்கு ஒரு வக்காலத்து

கல்ட் படம், அதாவது ஒரு சிறு ரசிகர் கூட்டம் வெறித்தனமாகக் கொண்டாடும் படம், என்றதும் நள்ளிரவுக் காட்சியையும், வேடமிட்டு வரும் ரசிகர்களையும், திரையை நோக்கிப் பறக்கும் பிளாஸ்டிக் கரண்டிகளையும் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். பேசட்டும். அத்தகைய படைப்புகளில் சில இன்று நம் கைக்கு எட்டுவதே, யாரோ சிலர் விதியை மதிக்காமல் நடந்துகொண்டதால்தான் என்பதை மட்டும் ஏனோ பூசி மெழுகிவிடுகிறார்கள்.

1922இல் வந்த 'நோஸ்பெராட்டு', 'டிராகுலா' நாவலிலிருந்து அனுமதியின்றி எடுக்கப்பட்ட படம். நாவலாசிரியர் பிராம் ஸ்டோக்கரின் மனைவி வழக்குத் தொடுத்தார். பிரதிகள் அனைத்தையும் அழித்துவிட வேண்டும் என்று 1925இல் ஜெர்மன் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் சில பிரதிகள் எப்படியோ தப்பிவிட்டன. நியாயம் அந்த அம்மையார் பக்கம்தான். இருந்தும் அந்தத் தீர்ப்பு முழுமையாக நிறைவேறாமல் போனதில் எனக்கு அப்பட்டமான மகிழ்ச்சி.

தொலைக்காட்சியின் கதை இன்னும் மோசம். அங்கே அழித்தவர்கள் உரிமையாளர்களேதான். வீடியோ நாடா விலை அதிகம், மறு ஒளிபரப்புக்கும் வாய்ப்பு குறைவு என்று பிபிசி தன் பழைய நிகழ்ச்சிகளை அழித்துவிட்டு, அதே நாடாக்களில் புதியவற்றைப் பதிவு செய்தது. 1960களின் 'டாக்டர் ஹூ' என்ற அறிவியல் புனைவுத் தொடரின் பகுதிகள் பல அப்படித்தான் காணாமல் போயின. ஆனால் காணாமல் போன ஒவ்வொரு பகுதியின் ஒலியும் இன்று இருக்கிறது. ஒளிபரப்பான நேரத்தில் வீட்டில் ஒலிப்பதிவுக் கருவியை இயக்கிவிட்டு உட்கார்ந்திருந்த இளம் ரசிகர்கள் சிலர்தான் அதற்குக் காரணம். பெரிய நிறுவனம் குப்பையில் போட்டதைப் பள்ளிப் பிள்ளைகள் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள்!

1988இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்து உள்ளூர் அலைவரிசை ஒன்றில் தொடங்கிய, மோசமான பழைய படங்களைக் கிண்டலடிக்கும் 'மிஸ்டரி சயன்ஸ் தியேட்டர் 3000' நிகழ்ச்சிக்கு இந்த உண்மை நன்றாகப் புரிந்திருந்தது. நாடாக்களைக் கைமாற்றிக்கொண்டே இருங்கள் என்று நிகழ்ச்சியின் இறுதி எழுத்துகளிலேயே ரசிகர்களிடம் கேட்டுக்கொண்டார்கள்.

இதில் பாதிக்கப்பட்டவர்களே இல்லையா என்று கேட்டால், இருக்கிறார்கள். 1968இல் வந்த 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' என்ற திகில் படத்தின் பெயரை விநியோகஸ்தர் மாற்றியபோது, பதிப்புரிமை அறிவிப்பு விடுபட்டுப்போனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்த ஒரு வரி போனால் உரிமையே போய்விடும். யார் வேண்டுமானாலும் திரையிடலாம், விற்கலாம் என்றானதால் படம் எங்கும் பரவியது. இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோவுக்கும் கூட்டாளிகளுக்கும் வந்திருக்க வேண்டிய பணம் பரப்பியவர்களின் பைக்குப் போனது. இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. உயிரோடிருக்கும் படைப்பாளியின் வயிற்றில் அடிப்பதும், உரிமையாளர் கைகழுவியதைக் காப்பாற்றுவதும் ஒன்றல்ல என்று மட்டும் சொல்வேன்.

கைகழுவியது என்றால் 'ஸ்டார் வார்ஸ் ஹாலிடே ஸ்பெஷல்' என்ற தொலைக்காட்சிச் சிறப்பு நிகழ்ச்சி மாதிரி. 1978 நவம்பர் 17 அன்று ஒரே ஒருமுறை அமெரிக்காவில் ஒளிபரப்பானது. தொடக்கத்தில், உடலெல்லாம் முடியுள்ள கதாபாத்திரமான சூபாக்காவின் குடும்பத்தினர் துணைத்தலைப்புகூட இல்லாமல் நிமிடக்கணக்கில் உறுமிக்கொண்டிருப்பார்கள். 'ஸ்டார் வார்ஸ்' படைப்பாளி ஜார்ஜ் லூகாஸ் அதை மறக்கவே விரும்பினார். அன்று வீட்டில் பதிவு செய்தவர்களின் நாடாக்கள், பிரதிக்குப் பிரதி மங்கியபடி, அதை மறக்கவிடாமல் செய்துவிட்டன.

நான் பார்த்த பிரதியில் விளம்பரங்களும் அப்படியே இருந்தன. நிகழ்ச்சியைவிட அவை சுவாரசியம் என்பது என் கட்சி. நடுவே ஒரு செய்தியாளர் தோன்றி, சிலுப்பிக்கொண்டு நிற்கும் தலைமுடியை அடக்குவது எப்படி, 11 மணிச் செய்தியில் பாருங்கள் என்கிறார். அந்த 11 மணிச் செய்தியைப் பதிவு செய்த புண்ணியவான் எவராவது இருக்கிறாரா என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.